வெயிலில் ஒன்று, நிழலில் ஒன்று, முட்டை ரூமில் ஒன்று

கார் கண்ணாடிக்கு ஃபிலிம் ஒட்டும் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். வண்டிக்காரர் உங்களிடம் கேட்கும் முதல் கேள்வி எங்கள் காலத்தில் கேட்டதாகவேதான் இருக்கும். "எத்தனை வருஷம் வரும்?" விலையைக்கூட அதற்கு அப்புறம்தான் கேட்பார்கள். நான் கடையை விட்டு வெகுநாள் ஆகிறது. இன்றும் கல்யாணப் பந்தியில் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து, ரசம் வருகிற இடைவெளியில் இதைக் கேட்கிறார்கள். என்னிடம் நேர்மையான பதில் ஒன்று உண்டு. ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் சொல்லி முடிக்கிற அளவுக்குச் சின்னதில்லை என்பதால் "அது வண்டியப் பொறுத்ததுங்க" என்று சொல்லிவிட்டு இலையைப் பார்த்துக்கொள்வேன். உங்களுக்கு முழுசாகச் சொல்கிறேன்.

எழுபதுகளில் நான் சேலத்தில் கார் சீட்டுக்கு உறை தைத்துக்கொண்டிருந்தேன். அப்போது வெயிலுக்குத் தடுப்பு என்றால் துணித் திரைதான். கம்பியில் வளையம் கோத்து, அம்பாசடர் ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை தைத்துக் கொடுப்போம். வண்டி ஓடும்போது திரை காற்றில் பறந்து உள்ளே இருக்கிறவர் முகத்தில் அறையும். அதைப் பெருமையாக வாங்கிக்கொண்டு போனார்கள். எண்பதுகளின் நடுவில் பம்பாயிலிருந்து ஃபிலிம் சுருள் வந்தது. நான் நாமக்கல்லுக்கு வந்து, பரமத்தி ரோட்டில் லாரி பாடி கட்டும் பட்டறைகளுக்கு நடுவே சின்னதாக ஒரு கடை போட்டேன். ஜனங்கள் அதைக் கூலிங் பேப்பர் என்றார்கள். அது பேப்பரும் இல்லை, பெரிசாகக் குளிர்ச்சியும் தராது. ஆனாலும் அந்தப் பேரே நிலைத்துவிட்டது.

அதை வாங்கியவர்களுக்கும் வெயில் ஒரு சாக்குத்தான். காருக்குள் யார் போகிறார்கள் என்று வெளியே தெரியக்கூடாது, அதுதான் ஆசை. ஒட்டி முடித்த பிறகுதான் அவர்களுக்கு ஒரு சங்கடம் புரியும். உள்ளே இருப்பது யார் என்று தெரியாவிட்டால் கார் வைத்திருந்து என்ன பிரயோசனம்? அதனால் ஊர் எல்லை வந்ததும் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கையை வெளியே தொங்கப் போட்டுக்கொண்டு போவார்கள். நான் ஒட்டிய ஃபிலிமில் பாதி, நல்ல வெயில் நேரத்தில் கதவுக்குள்தான் இருந்தது.

அந்தக் காலத்து ஃபிலிம் வெறும் சாயம் ஏற்றியது. வெயில் குடிக்கக் குடிக்கச் சாயம் போய்க் கத்தரிப்பூ நிறத்துக்கு வரும். பசை விட்டால் கொப்புளம் போடும். வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு கொப்புளமாக ஊசியால் குத்திவிட்டு, "இப்ப சரியாப் போச்சுங்க" என்று என்னிடமே வந்து காட்டியவர் உண்டு. எத்தனை வருஷம் வரும் என்று பம்பாய்க்காரன் ஒரு கணக்குச் சொல்லி அனுப்புவான். சேலத்து ஏஜெண்டு அதில் கொஞ்சம் கூட்டுவார். நான் அதற்கு மேல் கொஞ்சம் கூட்டுவேன். கார்க்காரர் வீட்டுக்குப் போய்ச் சம்சாரத்திடம் சொல்லும்போது அது ஆயுசு முழுக்க என்று ஆகியிருக்கும்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த காலத்தில்தான் நல்லப்பன் வந்தார். சேந்தமங்கலம் போகிற வழியில் அவருக்குக் கோழிப்பண்ணை. மற்ற பண்ணைக்காரர்கள் என்ன செய்வது என்று தெரியாதபோது அவர் என்ன செய்கிறார் என்று பார்த்துச் செய்வார்கள். அவருக்கு ஒரு குணம். எதையும் சோதனை பண்ணிப் பார்க்காமல் நம்ப மாட்டார். புதுத் தீவனம் வந்தால் ஒரு வரிசைக் கோழிக்குப் புதுசு, அடுத்த வரிசைக்குப் பழசு போட்டு, முட்டையை எடை பார்ப்பார். காய்ச்சலுக்கு மாத்திரை கொடுத்தால்கூட இன்னொருவருக்கும் காய்ச்சல் வரட்டும், மாத்திரை இல்லாமல் அவர் எப்படி இருக்கிறார் என்று பார்க்கலாம் என்று நினைக்கிற ஜாதி.

அவருடைய அம்பாசடருக்கு ஒரு தை மாதத்தில் ஃபிலிம் ஒட்டினேன். வேலை முடிந்ததும் டிரைவரைக் கூப்பிட்டார். டிரைவர் பெயர் செங்கோடன். ஒல்லியான மனிதர், அதிகம் பேச மாட்டார்.

"செங்கோடா, நெம்ப ஆசப்பட்டு ஒட்டீருக்குது. வெய்யல்ல நிறுத்துனேன்னு தெரிஞ்சுதுன்னா வண்டிச் சாவிய வாங்கிப்போடுவேன், பாத்துக்க" என்றார்.

வெயிலைத் தடுக்க ஒட்டியதை வெயில் படாமல் காப்பாற்றச் சொல்கிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. மழையில் நனையாமல் குடையை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொள்கிறவர்களும் ஊரில் இருக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டு கூலியை வாங்கிக்கொண்டேன்.

அடுத்த வருஷம் மாசியில் அந்தக் கார் கடை வாசலில் வந்து நின்றது. பின்பக்கக் கண்ணாடியைப் பார்த்தேன். ஓரமெல்லாம் சுருண்டிருந்தது. நடுவில் கொப்புளம். நிறம் திட்டுத் திட்டாக வெளுத்திருந்தது. நல்லப்பன் இறங்கினார். பின்னாலேயே செங்கோடன் இறங்கி, கை கட்டி நின்றார்.

"ஏனுங்க, ஒரே ஒரு நாயம் சொல்லுங்க" என்றார் நல்லப்பன். "இது உங்க பேப்பரோட வேலைங்களா, இவனோட வேலைங்களா?"

நான் கண்ணாடியைத் தடவிப் பார்ப்பதுபோலக் கொஞ்ச நேரம் ஓட்டினேன்.

"பேப்பரு மோசம்னா, நம்ம பண்ணைக்காரங்க ஒருத்தரும் இந்தக் கடைக்கு வர மாட்டாங்க. அதை நானே சொல்லிப்போடுவேன். இல்ல, இவன் வெய்யல்ல நிறுத்துனதுதான்னா, இன்னைக்கே ஊட்டக் காலி பண்ணிக்கிட்டுப் போயிரோணும். ரண்டுல ஒண்ணச் சொல்லுங்க."

வீடு என்று அவர் சொன்னது பண்ணைக்குள்ளே செங்கோடனுக்கு விட்டிருந்த ஒற்றை அறை. செங்கோடனின் மனைவி பாவாயிக்கும் அங்கேயே வேலை, முட்டை ரூமில் முட்டை பிரித்து அட்டையில் அடுக்குவது. இரண்டு பிள்ளைகள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தார்கள். டிரைவர் வேலை போனால் அறை போகும், பாவாயி வேலையும் போகும். என் வாயிலிருந்து வரும் ஒரு வார்த்தையில் ஒரு குடும்பம் மூட்டை கட்ட வேண்டும், அல்லது நான் கடையைக் கட்ட வேண்டும்.

"நானு வெய்யல்ல நிறுத்துனதே இல்லீங்க" என்றார் செங்கோடன், என்னைப் பார்த்து. "பண்ணைக்குள்ள வந்தா நெழல்லதானுங்க. டவுனுக்கு வந்தாலும் மரத்தடி தேடித்தானுங்க நிறுத்துவேன்."

"அப்பறம் பேப்பரு தானா உரிஞ்சுக்குதாடா?" என்றார் நல்லப்பன்.

இந்த இடத்தைக் கவனியுங்கள். இப்போதே சொல்லு என்று தலைமேல் வந்து நிற்கிறவரிடம் இப்போதே எதையும் சொல்லிவிடாதீர்கள். அவசரத்தில் சொல்வது எப்போதும் நமக்குச் சாதகமான பொய்யாகத்தான் இருக்கும். "டிரைவர்தான் காரணம்" என்று சொல்லிவிட்டால் என் கடை பிழைக்கும். அது நாக்கு நுனி வரை வந்தது என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டிருந்தது. அதே சுருளிலிருந்து, அதே வாரத்தில், பஸ் ஸ்டாண்டு வாடகைக் கார் ஒன்றுக்கும் ஒட்டியிருந்தேன். அந்த வண்டி காலை முதல் சாயங்காலம் வரை மொட்டை வெயிலில்தான் நிற்கும். அதன் ஃபிலிம் நிறம் வெளுத்திருந்ததே ஒழிய, ஓரம் ஒன்றுகூடக் கிளம்பவில்லை. வெயிலில் கிடந்தது நன்றாக இருக்கிறது, நிழலில் வளர்ந்தது உரிந்துவிட்டது.

"வண்டி நிக்கற எடத்தப் பாக்கோணுங்க. நானே பண்ணைக்கு வாரேன்" என்றேன். நல்லப்பனுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் பார்க்காமல் சொல்லமாட்டேன் என்று ஒருவன் சொன்னால் அவரால் மறுக்க முடியாது. அவருடைய வசனமே அதுதான்.

மறுநாள் போனேன். செங்கோடன் சொன்னது சரி. நல்ல நிழல். அந்த வட்டாரத்தில் மரம் வைத்தால் காக்கா வரும், காக்கா வந்தால் நோய் வரும் என்று பண்ணைக்காரர்கள் மரமே வைக்க மாட்டார்கள். அதனால் பண்ணைக்குள் நிழல் என்பது கோழிக் கொட்டகையின் நிழல் மட்டும்தான். கொட்டகைக் கூரையை ஒரு பக்கம் நீட்டி, அதன் கீழே கார் நிற்கும். சீட்டு சூடாகாமல் இருக்கக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்திருந்தார்கள். பக்கத்திலேயே, கூண்டுகளுக்கு அடியில், மாதக்கணக்கில் சேர்ந்த கோழி எச்சம் மேடு மேடாகக் கிடந்தது.

காரின் பின்சீட்டில் உட்கார்ந்து ஃபிலிமை உரிக்க ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் கண் எரிந்தது. மூக்கின் உள்ளே ஊசி ஏற்றியது மாதிரி இருந்தது. சட்டைக் கையில் கண்ணைத் துடைத்துக்கொண்டபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. என் கண்ணையே இந்தப் பாடு படுத்துகிற காற்று, பசையை என்ன பாடு படுத்தியிருக்கும்? கோழி எச்சத்திலிருந்து கிளம்புவது அம்மோனியா. இன்று உங்கள் ஃபிலிம் டப்பாவில் அம்மோனியா கலந்த எதையும் வைத்துத் துடைக்காதீர்கள் என்று அச்சடித்திருக்கிறது. அன்று எங்கள் டப்பாவிலும் இருந்திருக்கலாம். இருந்திருந்தால் ஆங்கிலத்தில் இருந்திருக்கும், எனக்கு அது டப்பாவின் அலங்காரமாகத் தெரிந்திருக்கும்.

காரணம் கிடைத்துவிட்டது, சொல்லிவிட வேண்டியதுதானே என்று நீங்கள் நினைக்கலாம். நீங்கள் நாமக்கல்லில் அந்தக் காலத்தில் கடை வைக்கவில்லை. அங்கே கோழிப்பண்ணையைப் பற்றி எது வேண்டுமானாலும் பேசலாம். தீவனம், நோய், முட்டை விலை எல்லாம் பேசலாம். நாற்றம் என்று ஒன்று இருப்பதை மட்டும் யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். பண்ணைக்கு விருந்தாளியாக வந்த ஒறம்பரை கைக்குட்டையை எடுத்தால், அந்த வீட்டில் அடுத்த காப்பி அவருக்குக் கிடையாது. ஒரு மெக்கானிக் இருந்தார், கெட்டிக்காரர். ஏதோ ஒரு பண்ணை வாசலில் தெரியாத்தனமாக மூக்கைப் பிடித்துவிட்டார். அதற்குப் பிறகு ஒரு பண்ணைக் காரும் அவர் பட்டறைப் பக்கம் திரும்பவில்லை. கடைசியில் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். ஆக, ஃபிலிமைக் குறை சொன்னால் என் கடை போகும். செங்கோடனைச் சொன்னால் அவர் குடித்தனம் போகும். நாற்றத்தைச் சொன்னால் எல்லோருமாகச் சேர்ந்து போக வேண்டியதுதான்.

அப்போது பாவாயி ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கண்கள் இரண்டும் சிவந்து, இமை தடித்திருந்தது. முந்தானையால் ஒற்றிக்கொண்டே நின்றாள். புருஷனுக்கு வேலை போகப்போகிறதே என்று அழுதிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு மனசு என்னவோ போலாகிவிட்டது. தண்ணீரைக் குடித்துவிட்டு நேராக நல்லப்பனிடம் போனேன்.

"ஏனுங்க, நீங்க புதுத் தீவனத்த எப்படிப் பாப்பீங்களோ, அப்படியே இதையும் பாத்துருவோமுங்க. ஒரே சுருள்ல ரண்டு துண்டு, ரண்டு கண்ணாடில ஒட்டித் தாரேன். ஒண்ணு மோட்டார் ரூம் கூரை மேல, நல்ல வெய்யல்ல. இன்னொண்ணு கார் நிக்கற நெழல்ல. கோடை முடிஞ்சதும் எடுத்துப் பாத்தா வெய்யலு கெடுத்துதா இல்லையான்னு தெரிஞ்சுபோகும்."

அவர் முகம் மலர்ந்தது. எழுந்தே நின்றுவிட்டார்.

"ரண்டு பத்தாதுங்க. மூணா வெச்சுருவோம். ஒண்ணு நம்ம முட்டை ரூமுல இருக்கட்டும். ஜன்னலே கெடையாது. வெய்யலு, தூசி, மழை எதுவும் அண்டாது. அங்க வெச்சது புதுசாட்டவே இருக்கும். மத்த ரண்டையும் அதோட ஒப்பிட்டுப் பாக்கலாம்."

எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை. நல்ல யோசனை என்றேன். கிளம்பும்போது இன்னொன்றும் சொல்லிவைத்தேன். "அது வரைக்கும் செங்கோடனே வண்டி ஓட்டட்டுமுங்க. ஆளு மாறுனா நிறுத்தற எடம் மாறும். சோதனை கெட்டுப்போயிரும்." வேலை நீக்கத்தைத் தள்ளிப்போட இதைவிட நல்ல காரணம் அவரிடம் செல்லாது. "அதுவும் சரிதானுங்க" என்றார்.

அந்தக் கோடை முழுவதும் செங்கோடன் பாடு திண்டாட்டம். டவுனுக்கு வரும்போதெல்லாம் கடைக்கு வந்து நிற்பார். நிழல் கண்ணாடி உரிந்தால் வேலை தங்கும், உரியாவிட்டால் போகும். ஃபிலிம் கெட்டுப்போகட்டும் என்று வேண்டிக்கொண்ட ஒரே வாடிக்கையாளர் என் வாழ்க்கையில் அவர்தான். ஒருநாள் மெதுவாகக் கேட்டார்.

"ஏனுங்கண்ணா, அந்த நெழல் கண்ணாடில ஓரத்த நானே நகத்துல சித்தெ கெளப்பி உட்டா தப்புங்களா?"

"தப்புத்தான். நகம் பட்டா அவரு கண்டுபிடிச்சிருவாரு. அதுவுமில்லாம, அதுக்கு அவசியமிருக்காது. பேசாம இருங்க" என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. எனக்கும் உள்ளூரப் பயம்தான்.

ஆடி பிறந்ததும் நல்லப்பன் சொல்லி அனுப்பினார். போனால், பக்கத்துப் பண்ணைக்காரர்கள் இரண்டு பேரை வரவழைத்து நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறார். சோதனை முடிவு அல்லவா, சாட்சி வேண்டாமா? கூரைமேல் இருந்ததைச் செங்கோடன் எடுத்துவந்தார். நிறம் கொஞ்சம் வெளுத்திருந்தது. மற்றபடி பலகை மாதிரி படிந்திருந்தது. நிழலில் இருந்தது நாலு ஓரமும் சுருண்டிருந்தது. செங்கோடன் விட்ட மூச்சு எனக்குக் கேட்டது.

மூன்றாவதை எடுக்க நானே முட்டை ரூமுக்குப் போனேன். கொட்டகையின் கடைசியில், கொட்டகைச் சுவரோடு ஒட்டிக் கட்டிய அறை. கொட்டகைப் பக்கம் ஒரு வாசல், அவ்வளவுதான். பூனை வரும், எலி வரும் என்று வேறு எந்தத் திறப்பும் வைக்கவில்லை. பாவாயி தரையில் உட்கார்ந்து, குண்டு பல்பு வெளிச்சத்தில் முட்டையைப் பார்த்துப் பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தாள். உள்ளே காலை வைத்ததும் என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. மூச்சு அடைத்தது. சுவரில் சாத்தியிருந்த கண்ணாடியைத் தொட்டேன். ஃபிலிம் மொத்தமாகக் கழன்று, என் கையோடு வந்துவிட்டது.

"மொத நாளு அப்படித்தானுங்ணா இருக்கும்" என்றாள் பாவாயி, என் கண்ணைப் பார்த்து.

"அன்னைக்குத் தண்ணி கொண்டாந்தப்ப நீ அழுதிருக்கறயாக்கும்னு நெனச்சேன், அம்மிணி."

"நானு எதுக்குங்க அழுகறேன்?" என்றாள். "இதுக்குள்ள உக்காந்தா ஆருக்கும் இப்படித்தான். ஊட்டுக்குப் போயி பச்சத் தண்ணில கழுவுனா ராத்திரிக்குள்ள எரிச்சல் அடங்கும். காலைல மறுக்கா வந்தர்றமுல்லங்க."

சொல்லிவிட்டு அடுத்த முட்டையை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். கண்ணைச் சுருக்கி, முகத்துக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தாள். கீறல் தெரிவது அவளுக்குக் கஷ்டமாகிவிட்டது என்று எனக்குப் புரிந்தது. கோடை முழுவதும் நாங்கள் மூன்று கண்ணாடியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். எனக்கு என் மேலேயே கோபம் வந்தது, நல்லப்பன் மேலும் வந்தது. அவர் அந்த அறை வாசல் வரைதான் வருவார், கணக்குக் கேட்டுவிட்டுப் போய்விடுவார்.

கழன்ற ஃபிலிமை ஒரு கையிலும் கண்ணாடியை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். நல்லப்பன் மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தார். பிறகு செங்கோடன் பக்கம் திரும்பினார்.

"நெழல்லயே நிறுத்திப் பேப்பரக் கெடுத்துப்போட்டயேடா" என்றார். "இனிமே வெய்யல்லதான் நிறுத்தோணும். ஆமாம்."

"சரிங்க" என்றார் செங்கோடன். வேலை தங்கிவிட்டது. வெயிலில் நிறுத்தாதே என்று யார் சொன்னது என்பதை அங்கிருந்த ஒருவரும் ஞாபகப்படுத்தவில்லை.

"அது கெடக்குதுங்க. இந்த முட்டை ரூமுல இருந்தது ஏனுங்க இப்படி ஆச்சு?" என்று கேட்டார் பக்கத்துப் பண்ணைக்காரர். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். மூன்று பேர் வீட்டுக் காரும் என் கடைக்குத்தான் வரும். முட்டை ரூம் வாசலில் பாவாயி நின்றிருந்தாள்.

நாற்றம் என்ற சொல் வாய்வரை வந்தது. விழுங்கினேன். சொன்னால் அவர்களுக்குக் கோபம் வரும், அறை அப்படியேதான் இருக்கும்.

"காத்துப் பத்தலீங்க" என்றேன். "இந்தப் பேப்பருக்குக் காத்தோட்டம் வேணுமுங்க. கூரை மேல காத்து எச்சு, அதனால நின்னுருச்சு. நெழல்ல கொஞ்சம் கம்மி. ரூமுல சுத்தமா இல்ல. நாஞ்சொல்றத நம்ப வேண்டாமுங்க. ரூமுல எதுத்தெதுத்தாப்பல ரண்டு ஜன்னல் வெச்சு, மறுக்கா ஒரு கண்ணாடி வெச்சுப் பாத்தாத் தெரிஞ்சுபோயிருது."

நல்லப்பன் யோசித்தார். இரண்டு சாட்சிகளுக்கு முன்னால் சோதனை வேண்டாம் என்று சொல்ல அவரால் முடியுமா? "வெச்சுப் பாத்துருவோம்" என்றார். அடுத்த வாரமே கொத்தனார் வந்து சுவரை இடித்தார். ஒரு கூலிங் பேப்பர் துண்டுக்காக நாமக்கல் தாலுக்காவில் வைத்த முதல் ஜன்னல் அதுவாகத்தான் இருக்கும். நான்காவது கண்ணாடியை நானே ஒட்டி, அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினேன்.

அடுத்த கோடை முடிந்ததும் கண்ணாடி அப்படியே இருந்தது. நல்லப்பனுக்கு ஏக சந்தோஷம். அந்த சந்தோஷத்தின் விளைவாகச் செங்கோடன் முகம் வாடி என் கடைக்கு வந்தார்.

"சோதனை முடிஞ்சுது, ஜன்னல அடச்சுருங்கன்னு சொல்லிப்போட்டாருங்கண்ணா. பூனை வருதாம்" என்றார். "இப்பத்தான் அவ கண்ணு செவப்பு போயி வெளுத்திருக்குதுங்க."

கடையைப் பூட்டிக்கொண்டு அவருடனேயே போனேன். நல்லப்பனிடம், "ஒரு கோடைய வெச்சு எப்படிங்க சொல்றது? எத்தன வருசம் வரும்னுதான கணக்கு? பம்பாய்க்காரன் சொன்ன வருசம் பூராவும் பாக்க வேண்டாமுங்களா?" என்றேன்.

அவர் என்னைப் புது மரியாதையோடு பார்த்தார். "நெசந்தானுங்க. நானு அவசரப்பட்டுட்டேன்" என்றார். பூனைக்கு ஜன்னலில் கம்பி வலை அடித்தார்கள்.

பம்பாய்க்காரன் சொன்ன கெடு முடிந்தது. சேலத்து ஏஜெண்டு கூட்டியதைப் பார்க்கலாம் என்றேன். பிறகு நான் கூட்டியது இருந்தது. வாழ்நாளெல்லாம் என்னை வாட்டி எடுத்த அந்தக் கேள்வி கடைசியில் எனக்கே உபயோகப்பட்டது. நல்லப்பன் கார் ஃபிலிம் வெயிலில் நின்று, எல்லா ஃபிலிமையும்போலக் கத்தரிப்பூ நிறமாகி, மாற்றி ஒட்டி, அதுவும் போய், கடைசியில் அவர் காரையே விற்றுவிட்டார். முட்டை ரூம் கண்ணாடி மட்டும் புதுசாகவே இருந்தது. வருகிறவர்களை எல்லாம் அழைத்துப்போய்க் காட்டுவார். "இத்தன வருசமாச்சு, ஒரு கொப்புளம் உண்டான்னு பாருங்க. பேப்பருன்னா இது பேப்பரு." அதைப் பார்த்துவிட்டுப் பாதி ஜில்லா என் கடைக்கு வந்தது.

அது எப்படிப் புதுசாகவே இருந்தது என்று தொழிலில் இருக்கும் உங்களுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வராவிட்டால் நீங்கள் வேறு தொழில் பார்ப்பது நல்லது. எந்த ஃபிலிமும் அப்படி வராது. ஜன்னல் இருந்தாலும் பக்கத்தில் கொட்டகை இருக்கத்தானே செய்கிறது. ஓரம் லேசாகத் தூக்க ஆரம்பித்ததும் செங்கோடனிடம் பாவாயி சொல்லி அனுப்புவாள். நல்லப்பன் வெளியூர் போயிருக்கும் நாளாகப் பார்த்து, சோப்புத் தண்ணீரும் தேய்க்கிற ரப்பரும் ஒரு துண்டுச் சுருளும் எடுத்துக்கொண்டு நான் போவேன். பழசை உரித்துவிட்டுப் புதுசை ஒட்டுவேன். என் தொழிலில் நான் நடத்திய ஒரே மோசடிச் சோதனை அதுதான். அதற்கு எடுத்துக்கொண்ட கவனத்தை வேறு எந்தக் கண்ணாடிக்கும் எடுத்துக்கொண்டதில்லை.

கடையை விடுவதற்கு முன் கடைசியாக ஒருதரம் போனேன். இரண்டு ஜன்னலிலும் காற்று நேராக வந்துகொண்டிருந்தது. பாவாயி முட்டையை எட்டப் பிடித்து, ஒரு பார்வையில் கீறலைப் பார்த்து ஒதுக்கிக்கொண்டிருந்தாள். நான் பழைய ஃபிலிமை உரித்துக் கண்ணாடியில் தண்ணீர் தெளித்தேன்.

"இன்னும் எத்தன வருசத்துக்குங்ணா இந்தச் சோதனை?" என்று கேட்டாள்.

"நீ இந்த ரூமுல உக்காந்திருக்கற வரைக்கும், அம்மிணி."

அவள் அடுத்த அட்டையை இழுத்து வைத்துக்கொண்டாள்.

"அப்ப ஓரத்த நல்லா அழுத்தி ஒட்டுங்க" என்றாள்.